நாளேடு வந்த வழி

மலர்க் குழுவினர் இவ்வாண்டு என்னையும் ஒரு கட்டுரை வரையுமாறு பணித்தனர். பத்தாம் வகுப்புத் தேர்வோடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்துவிட்டு, தலைநகரில் இருபத்துமூன்று ஆண்டுகளாகப் புகைவண்டித் துறையில் பார்சல் எழுத்தனாகக் காலங்கழிக்கும் எனக்குச் சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ எழுதும் தகுதி இல்லை. அவற்றை எழுதப் புலவர் பெருமக்கள் பலர் நம்மிடையே உளர். எனக்குத் தெரிந்தவை எடைமேடையும், பார்சல் சீட்டும், பிரேக் வானும்தாம். ஆகவே அவற்றோடு தொடர்புடைய ஒரு பொருளையே எடுத்துக்கொண்டேன். அச்சிட்ட செய்தித்தாள், அச்சுக்கூடத்தை விட்டுப் புறப்பட்டுத் தொலைவிலுள்ள வாசகன் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, எப்போதெல்லாம் வாராமல் நின்றது, நின்றபோது அவன் அதை எங்கே தேடினான் என்பதே அப்பொருள்.

இதனை ஆராயத் தூண்டியவர் என் தந்தையார். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். முத்துப்பேட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் வாழ்கிறார். 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, பேப்பர் நின்றுபோய்ப் பத்து மாதம் ஆகிறது. உங்கள் ரயிலில் வருகிற சரக்குத்தானே அது? நீ அங்கே யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். தில்லியில் பார்சல் எழுத்தனாயிருக்கும் மகன் ஒரு வார்த்தை சொன்னால் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூருக்கு மறுநாளே செய்தித்தாள் வந்துவிடும் என்று அவர் நம்பியதை நினைக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அன்று தொடங்கிய விசாரணையே இக்கட்டுரை.

நம் நாட்டில் செய்தித்தாள் பிறந்த ஆண்டிலேயே வெளியூர் வாசகனுக்கு அது நிறுத்தப்பட்டது என்றால் அன்பர்கள் வியப்பர். ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்னும் அயர்லாந்துக்காரர் 1780 ஜனவரி 29-ஆம் நாள் கல்கத்தாவில் தம் 'பெங்கால் கெஜட்' என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். இந்தியாவில் அச்சாகி வெளிவந்த முதற் செய்தித்தாள் அதுவே. கும்பினி அதிகாரிகளின் ஊழல்களையும், அவர்கள் வீட்டு விவகாரங்களையும் ஹிக்கி ஒளிவு மறைவின்றி எழுதினார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் மனைவியையும் விட்டுவைக்கவில்லை. (எழுதிய யாவும் நாகரிகமானவை என்று நான் வாதிட மாட்டேன்.) அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள், அவருடைய ஏட்டைப் பொது அஞ்சலகத்தின் வழியே அனுப்பலாகாது என்று அரசு உத்தரவிட்டது. அச்சுக்கூடத்தைப் பூட்டவில்லை, எழுத்தைத் தணிக்கை செய்யவில்லை, ஆசிரியரைச் சிறைப்படுத்தியதும் பின்னர்தான். முதலில் கை வைத்தது அஞ்சல் பையின்மேல். ஏறத்தாழ அதே காலத்தில் தோன்றிய போட்டி ஏடான 'இந்தியா கெஜட்'டுக்கோ அஞ்சற் சலுகை கிடைத்தது. ஹிக்கி என்ன செய்தார்? இருபது ஹர்க்காராக்களை அமர்த்திக் கல்கத்தா நகருக்குள் வீடு வீடாக ஏட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கச் செய்தார். நகரத்தார் படித்தனர். உள்நாட்டுப் பாளையங்களிலும் வணிகச் சாவடிகளிலும் இருந்தவர்களுக்கோ, அந்த இருபது பேர் கால் எட்டாத தொலைவு ஆகிவிட்டது. 1782-இல் அச்சு எழுத்துக்களும் பறிமுதலாயின, ஏடு முடிந்தது.

ஹிக்கியின் கதையைப் படித்தபோது எனக்கு நம் பாரதியாரின் நினைவு வந்தது. 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார ஏடு, அடக்குமுறை முற்றியதனால் 1908-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றது. அங்கே அச்சிடுவதை ஆங்கில அரசால் தடுக்க இயலவில்லை. ஆனால் ஏட்டைப் படிப்பவர் பெரும்பாலோர் எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டு ஊர்களில் இருந்தனர். ஆகவே அவ்வேடு பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரலாகாது என்று தடை விதித்தனர். புதுச்சேரியில் ஏட்டை எத்தனை அழகாக அச்சிட்டாலும், கும்பகோணத்துக்கும் திருநெல்வேலிக்கும் அது போகாவிடில் யாருக்காக அச்சிடுவது? 1910-இல் 'இந்தியா' நின்றது. கல்கத்தாவில் செய்ததையே நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரிக்கும் செய்தார்கள்.

தடை விதிக்கப்படாத ஏடுகள் எவ்வாறு சென்றன என்பதை இனிக் காண்போம். தென்னாட்டில் முதற் புகைவண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-இல் நாளேடாயிற்று. இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் வெவ்வேறு அன்று. வண்டி இல்லாவிடில் சென்னையிலே அச்சிடும் தமிழ் நாளேடு சென்னைக்கு வெளியே நாளேடாக இருந்திராது. வார ஏடாகவே போய்ச் சேர்ந்திருக்கும். பதிவு பெற்ற செய்தித்தாளுக்கு அஞ்சல் துறை மிகக் குறைந்த கட்டணம் விதித்தது. புகைவண்டித் துறையும் பார்சல் கட்டணத்தில் சலுகை காட்டிற்று. அஞ்சல் சலுகை எவ்வளவு என்றால், எடை குறைந்த ஏடு ஒன்றுக்கு நெடுங்காலமாக இருபத்தைந்து காசுதான். 2011-இல் இருபத்தைந்து காசு நாணயமே செல்லாது போயிற்று. அதன் பின்னரும் அஞ்சற் கட்டண அட்டவணையில் அந்த இருபத்தைந்து காசு இருந்துகொண்டிருந்தது. நாணயம் மறைந்தும் கட்டணம் மறையாத அதிசயத்தை அரசாங்கக் கணக்கிலே மட்டும்தான் காண இயலும்.

எங்கள் ஊருக்குப் பாதை வந்த வரலாறு தனிச் சுவையுடையது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையிலான பாதை 1894-இல் திறக்கப்பட்டது. அதனை இட்டது அரசாங்கமும் அன்று, இலண்டன் கம்பெனியும் அன்று. தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலத்தின்மேல் தனி வரி விதித்து, அப்பணத்தைச் சேர்த்துப் பாதையை அமைத்துத் தென்னிந்திய ரயில்வேயிடம் ஓட்டக் கொடுத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. ஆதலால் எங்கள் பாட்டனார் காலத்து உழவர் கொடுத்த வரிப்பணத்தில்தான் அந்த மீட்டர் பாதை கிடந்தது என்று நாங்கள் உரிமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. நெல்லையும் தேங்காயையும் வெளியே கொண்டுபோக இட்ட பாதை, திரும்பி வரும்போது செய்தித்தாளைக் கொண்டுவந்தது.

என் சிறுவயதில், 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இரவு வண்டி எங்கள் நிலையத்தில் விடியற்காலையில் இரண்டு நிமிடம் நிற்கும். கார்டு பிரேக் வானின் கதவைத் திறந்து, சணற்கயிறு கட்டிய கட்டு ஒன்றை நடைமேடையில் இறக்குவார். (அவருடைய பதவிக்கு 2022-இல் 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் கார்டு என்றே வாயில் வருகிறது.) நிலையத்து வாயிலில் தேநீர்க்கடை வைத்திருந்தவரே ஏட்டுக்கும் முகவர். கட்டில் இருபது ஏடுகளுக்கு மேல் இரா. ஆனால் அவற்றைப் படித்தவர் இருநூறு பேருக்குக் குறையார். கடைக்கு வந்த ஏடு முதலில் தாள் தாளாகப் பிரியும். ஒருவர் முதற்பக்கத்தை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத முதியோர் சுற்றி அமர்ந்து கேட்பர். விளையாட்டுப் பக்கம் இளைஞர் கைக்குப் போய்விடும். பத்து மணிக்கு மேல் அதே ஏடு முடிதிருத்தகத்துக்குப் போகும். மாலையில் மளிகைக் கடையில் பொட்டலமாகும். என் தந்தையார் வாங்கிய ஏடு மட்டும் முழுமையாக வீட்டுக்கு வரும். அவர் அதில் தேதியிட்டு அடுக்கி வைப்பார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும் தமிழில் எழுதவேண்டும் என்ற எண்ணத்தோடு சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். 1934-இல் தோன்றிய 'தினமணி' சொக்கலிங்கம், சிவராமன் ஆகியோரின் எழுத்தால் படித்தவர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1951-இல் டி. வி. இராமசுப்பையர் திருவனந்தபுரத்தில் தொடங்கிய 'தினமலர்', தென் எல்லைத் தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற இயக்கத்தின் குரலாயிற்று. இணைப்பு நிகழ்ந்தபின் 1957-இல் திருநெல்வேலிக்குப் பெயர்ந்தது. நாளடைவில் ஒவ்வோர் ஏடும் திருச்சி, மதுரை, கோவை என்று பல ஊர்களில் பதிப்பு வைத்தது. இஃது ஆசிரியர்களின் பெருமை மட்டுமன்று. தூரத்தைக் குறைக்கும் கணக்கு. சென்னையில் மாலையிலேயே அச்சுக்குப் போன ஏட்டைப் படித்துக்கொண்டிருந்த சிற்றூரான், நள்ளிரவுச் செய்தியையும் விடியலில் படிக்கலானான்.

நிற்க. தில்லிக்கு வருவோம். தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக 1911 டிசம்பர் 12-ஆம் நாள் அறிவித்தபின், அரசு அலுவலகங்களோடு தமிழ் எழுத்தர்களும் இங்கே வந்து சேர்ந்தனர். அவர்தம் மக்கள் படிக்கத் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் தோன்றிற்று. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தோன்றிற்று. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் 1929-இல் முதலில் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கி, விரைவிலேயே தில்லி–சென்னை வண்டியாக நிலைத்தது. அவ்வண்டியில்தான் தமிழ்நாட்டு ஏடுகள் வந்தன. வண்டியிலே இரண்டு இரவுகள்; வீட்டிலே மூன்றாம் நாள். கோல் மார்க்கெட், கரோல்பாக், லோதி காலனி முதலிய இடங்களில் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் நான்கு வீட்டுக்கு ஓர் ஏடாகச் சந்தா கட்டியதையும், தபால்காரர் முதலில் எவ்வீட்டுக்குக் கொடுப்பது என்பதில் சண்டை மூண்டதையும் சங்கத்து முதியோர் கூறக் கேட்டிருக்கிறேன்.

1949 ஜனவரி 30-ஆம் நாள் இரவு வான் அஞ்சல் தொடங்கிற்று. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் வானவூர்திகள் நாகபுரியில் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு, விடியலுக்குள் திரும்பின. கடிதமும் அஞ்சலட்டையும் ஒரே இரவில் சென்னையிலிருந்து தில்லிக்கு வந்துவிடலாயின. சாதாரணச் சந்தாதாரரின் ஏடோ வண்டியிலேயே வந்தது. ஆகவே தமிழ்நாட்டு உறவினர் இறந்த செய்தி அஞ்சலட்டையில் முதலில் வரும். அதே நாள் ஏட்டிலே வெளியான தேர்தல் முடிவு பின்னர் வரும். அக்காலத்துத் தில்லித் தமிழர், ஊரில் எல்லோரும் அறிந்து முடித்த பழைய செய்தியைப் புதிய ஆவலோடு படிக்கப் பழகியிருந்தனர். 'இந்து' பத்திரிகை 1963-இல் தனக்கென வானவூர்திகளை வாங்கித் தென்னாட்டு நகரங்களுக்கு ஏட்டை அனுப்பிற்று. 1969-இல் பக்கங்களைப் படமாகக் கோவைக்கு அனுப்பி அங்கே அச்சிடும் முறையை மேற்கொண்டது. 1986-இல் செயற்கைக்கோளின் துணையால் தில்லிப் பதிப்பும் வந்தது. 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபின் தமிழ் ஏடுகளும் சற்று விரைந்து வந்தன. பின்னர் 'தினமணி' தில்லியிலேயே அச்சாயிற்று. மூன்றாம் நாள் ஏடு படித்த தலைமுறைக்கும், அன்றைய ஏட்டை அன்றே படித்த தலைமுறைக்கும் இடையே கடந்த காலம் ஓர் ஆயுட்காலத்துக்குள் அடங்கும்.

வண்டி நின்றால் ஏடு நிற்கும் என்பதை நம்மினும் கொடுமையாக அறிந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். 'வீரகேசரி'யும் 'தினகரனு'ம் முப்பதுகளில் கொழும்பில் தோன்றிய நாளேடுகள். வடக்கு நோக்கிச் செல்லும் வண்டிகளில் அவை யாழ்ப்பாணம் சென்றன. 1990-இல் போரினால் அப்பாதை அறுந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2014 அக்டோபரில்தான் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் நிலையத்தில் நின்றது. இடைக்காலத்தில், அங்கேயே 1985 முதல் வெளிவந்த 'உதயன்', தாளும் மையும் கிடைக்காத நாள்களில் பக்கங்களைக் குறைத்து, கிடைத்த தாளில் அச்சாயிற்று. ஏடு வாராத ஊரில், ஊரே ஏட்டை உண்டாக்கிக்கொண்டது என்று கொள்ளலாம். எனினும் எல்லா ஊருக்கும் அது கூடுவதன்று.

மேனாட்டிலும் இக்கதை உண்டு. பிரிட்டனில் நாளேடுகளுக்கென்றே இரவு தோறும் தனி வண்டிகள் ஓடின. ஏடுகளை லாரியில் அனுப்பத் தலைப்பட்டதும் 1988 ஜூலையில் அவை நின்றன. புகைவண்டி ஊழியன் என்ற முறையில் அதனைப் படித்தபோது எனக்குத் துக்கம் விசாரிக்கவேண்டும் போலிருந்தது. ஆஸ்திரேலியாவில் 2020-ஆம் ஆண்டு, குயின்ஸ்லாந்து மாநிலத்தின் உட்பகுதி ஊர்களுக்கு அச்சிட்ட நாளேட்டை அனுப்புவது கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தினர். அங்கே தடை விதித்த கவர்னர் எவரும் இலர். தூரமும் எண்ணிக்கையும் பார்த்து ஒரு கணக்கன் போட்ட கோடுதான் காரணம். ஹிக்கியின் காலத்தில் அச்சம் செய்த வேலையை நம் காலத்தில் கணக்குச் செய்கிறது என்பது என் கருத்து.

எங்கள் பாதைக்கு வருகிறேன். அகலப் பாதையாக்கும் பணிக்காக 2012-இல் திருவாரூர்–பட்டுக்கோட்டை–காரைக்குடிப் பாதை மூடப்பட்டது. 2019-இல் முழுமையாகத் திறந்தபோது, வழியிலுள்ள கடவுகளுக்குக் காவலர் போதாமையால், வண்டியிலேயே ஊழியர் ஏறிவந்து, ஒவ்வொரு கடவிலும் இறங்கிக் கதவை மூடி, வண்டி கடந்தபின் திறந்து, ஓடிவந்து ஏறிக்கொள்ளும் காட்சியை நாடே செய்தியில் படித்தது. ஏறத்தாழ 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணிக்கு மேலாயிற்று. அவ்வண்டியில் விடியற்காலை ஏட்டை அனுப்ப எவர் முன்வருவர்? அதற்கு முன்னரே, பாதை மூடிக் கிடந்த ஏழாண்டுகளில், ஏட்டுக் கட்டு வேனுக்கு மாறிவிட்டிருந்தது. வேன் கடற்கரைச் சாலையில் விரையும். எங்கள் ஊர்ப் பிரிவில் கட்டை வீசிவிட்டுப் போகும். ஒருவர் மிதிவண்டியில் போய் எடுத்துவருவார். புகைவண்டியில் வந்த இருபது ஏடு, வேனில் வந்தபோது பன்னிரண்டாகி, பின் ஏழாயிற்று.

அப்போதுதான் 2020 மார்ச்சு வந்தது. மார்ச்சு 22 முதல் நாடெங்கும் பயணி வண்டிகள் நின்றன. 1853 முதல் ஓடிய சக்கரங்கள் போர்களிலும் ஓய்ந்ததில்லை. சரக்கு வண்டிகளும் பார்சல் தனி வண்டிகளும் மட்டும் ஓடின. நாங்கள் முகத்தை மூடிக்கொண்டு மருந்துப் பெட்டிகளை எடைபோட்டோம். பம்பாயில் சில நாள்கள் ஏடுகள் அச்சாகவே இல்லை. தில்லியில் குடியிருப்புகளின் வாயில்களில் ஏடு போடும் பையன்களைத் தடுத்து நிறுத்தினர். தாளினால் நோய் பரவாது என்று ஏடுகளே தம் பக்கங்களில் விளம்பரம் செய்துகொள்ள நேர்ந்தது. பெருநகரங்களில் சில மாதங்களில் எல்லாம் திரும்பின. எங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. ஏழு ஏட்டுக்காக வேன் பிரிவிலே நிற்பது கட்டுப்படியாகாது என்று வட்டார முகவர் கூறிவிட்டார். தந்தையார் கேட்டுக்கொண்டபடி நான் அந்நாளேட்டின் விற்பனைப் பிரிவுக்கு எழுதினேன். மரியாதையான பதில் வந்தது: கைப்பேசியில் அதே ஏட்டை, அதே பக்க வடிவில், இன்னும் முன்னதாகவே படிக்கலாமாம். கண்புரை அறுவை செய்துகொண்ட எழுபத்தெட்டு வயது மனிதர், உள்ளங்கை அகலக் கண்ணாடியில் எட்டுப் பத்தி ஏட்டை நகர்த்தி நகர்த்திப் படிப்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஏடு நின்றதனால் என்ன குடி முழுகிவிட்டது, தொலைக்காட்சியில் செய்தி வருகிறதே என்று நானும் முதலில் எண்ணினேன். அவ்வாண்டுக் கோடையில் தந்தையார் மளிகைக் கடையில் நிலக்கடலை வாங்கி வந்தார். அவர் எப்பொழுதும் பொட்டலத் தாளைப் பிரித்துப் படிப்பவர். அத்தாளில், கட்டமிட்ட கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பரின் படம் இருந்தது. தாளின் தேதி ஐந்து வாரத்துக்கு முந்தையது. நண்பர் இருந்த ஊர் எங்களூரிலிருந்து ஒன்றரை மணிநேரப் பேருந்துப் பயணம். இறுதிச் சடங்கும் போயிற்று. பதினாறாம் நாளும் போயிற்று. எந்தத் தொலைக்காட்சியும் அச்செய்தியைச் சொல்லவில்லை, சொல்லவும் சொல்லாது. "மூன்றாம் நாள் தெரிந்திருந்தாலும் போயிருப்பேன், தம்பி" என்று மட்டும் என்னிடம் சொன்னார். தில்லியில் அந்தக் காலத்தவர் மூன்றாம் நாள் ஏட்டுக்குத் தபால்காரரை எதிர்பார்த்து நின்றது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அதன்பின் அவர் ஏட்டைத் தேடத் தொடங்கினார். முதலில், பட்டுக்கோட்டையிலிருந்து வரும் முதற் பேருந்தின் நடத்துநரிடம் சொல்லி வைத்தார். அவரும் நல்லவர், பேருந்து நிலையக் கடையில் ஒன்று வாங்கி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே செருகிக்கொண்டு வருவார். ஆனால் பணிமுறை மாறும் வாரங்களில் வேறொருவர் வருவார்; அவருக்குத் தந்தையாரைத் தெரியாது. அடுத்து, பள்ளிக்கு வரும் ஆசிரியை ஒருவர் கொண்டுவந்தார். சனியும் ஞாயிறும் பள்ளி இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏடுதான் கனமானது. 2023-இல் அவர் தில்லிக்கு வந்து எங்களோடு இருந்த நாள்களில், விடியற்காலையில் என்னை எழுப்பி ஏடு வாங்கிவரச் சொல்வார். நானும் கரோல்பாக் முழுவதும் சுற்றினேன். இராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் அடிவாரத்திலும் விசாரித்தேன். சில நாள் கிடைத்தது, சில நாள் கிடைக்கவில்லை. கிடைக்காத நாள்களில் நூலகத்துக்கு அழைத்துச் சென்றேன். முன்னாள் ஏட்டை மேசைமேல் விரித்து வைத்து, விளம்பரங்கள் உட்பட ஒரு வரி விடாமல் படித்தார். அவர் முதலில் திருப்பியது எந்தப் பக்கம் என்பதை நான் கவனித்தேன். அதைப்பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்பொழுது அவருக்கு ஏடு கொண்டுவருபவர் எங்கள் ஊர்ப் பூக்கார அம்மையார் ஒருவர். நாள்தோறும் நான்கு மணிக்குப் பட்டுக்கோட்டைச் சந்தைக்குப் போய் உதிரிப் பூ எடுத்துவரும் அவர், பூக்கூடையின்மேல் ஈரத்துணியை விரித்து, அதன்மேல் ஏட்டை மடித்து வைத்துக் கொண்டுவருகிறார். கூலியாக ஏதும் வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அன்றைய தங்க விலையைப் படித்துச் சொல்லவேண்டும்; மகளுக்கு நகை சேர்க்கிறாராம். கைப்பேசியிலும் தங்க விலை வரும் என்று நான் கூறியபோது, வாத்தியார் வாயால் கேட்டால்தான் நம்பிக்கை என்றார். ஐப்பசி கார்த்திகை மழையில் பூ வரத்து நின்றால் அவர் சந்தைக்குப் போவதில்லை, ஏடும் வாராது. பேருந்து நிலையத்துக் கடைக்காரர் அவருக்காக எடுத்து வைத்திருப்பார்.

சென்ற கார்த்திகையில் நான் ஊருக்குப் போயிருந்தபோது நான்கு நாள் விடாமழை. ஐந்தாம் நாள் காலை அம்மையார் ஐந்து ஏடுகளையும் ஒன்றாகக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். தந்தையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, தேதி வரிசைப்படி அடுக்கி, முதல் நாள் ஏட்டின் முதற்பக்கத்திலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார். அன்றைய தங்க விலை ஐந்தாவது ஏட்டில் இருந்தது. பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்மையார் வாசலில் காத்து நின்றார்.